நாகேஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகைச்சுவை நடிகர் நாகேஷ் மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவரைப் பற்றிய கேள்விகள் குறையவில்லை. அவர் இருந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள்கூட தருமி வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் அவரைப் பற்றிக் கேட்கவும் செய்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

சொந்த ஊர் எது? உண்மைப் பெயர் என்ன?

பெயர் நாகேஸ்வரன். 1933 செப்டம்பர் 27 அன்று பிறந்தார். ஊர் தாராபுரம், அன்று கோவை மாவட்டம், இன்று திருப்பூர் மாவட்டம். வீட்டில் பேசியது கன்னடம். ஆனால் திரையில் அவர் பேசிய தமிழில் அக்கிரகாரமும் இருக்கும், மெட்ராஸும் இருக்கும், தூத்துக்குடியும் இருக்கும்.

முகத்தில் இருந்த தழும்புகள் எதனால் வந்தவை?

அம்மை. இளைஞராக இருந்தபோது கடுமையாகப் போட்டது. அதோடு ஒல்லி உடம்பு, ஒடுங்கிய கன்னம். 1950-களின் தமிழ் சினிமாவில் கதாநாயகனுக்கு என்று ஒரு முகம் வகுத்து வைத்திருந்தார்கள்; அதற்கு நேரெதிரான முகத்தோடுதான் இவர் வந்து நின்றார்.

அந்தத் தழும்பு அவருக்குத் தடையாக இருந்ததா என்று பலரும் கேட்பதுண்டு. தொடக்கத்தில் இருந்திருக்கும். ஆனால் படங்களைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அவர் நடித்த மனிதர்கள் பெரும்பாலும் இல்லாதவர்கள்: வேலை இல்லாதவர், வீடு இல்லாதவர், அழகு இல்லாதவர், காசு இல்லாத புலவர். அந்த முகத்தைப் பார்த்ததும் இவன் கஷ்டப்பட்டவன் என்று கொட்டகையே நம்பியது. நம்பிய பிறகுதான் சிரித்தது. நாகேஷைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவர்மேல் ஒரு பரிவும் கூடவே வருவதற்குக் காரணம் இதுதான் என்பது என் துணிபு. கீழே வரும் பல பதில்களிலும் இது தலைகாட்டும்.

ரயில்வே குமாஸ்தா எப்படி நடிகரானார்?

சின்னச் சின்ன வேலைகள் பார்த்து அலைந்த பிறகு சென்னையில் ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெரிய அலுவலகத்திலும் நாடகம் போடும் குழு ஒன்று இருக்கும். பகலில் ஃபைல், மாலையில் ஒத்திகை. ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகம் ஒன்றில் இவருக்குக் கிடைத்தது மிகச் சிறிய வேடம்: வயிற்றுவலிக்காரர். வைத்தியரிடம் வந்து வலியில் துடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

மேடைக்கு வந்தவர் வலியை விடவில்லை. சுருண்டார், நெளிந்தார், முறுக்கிக்கொண்டார். சபை சிரித்துக் குலுங்கியது. தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். அந்த வயிற்றுவலிக்காரரைக் குறிப்பிட்டுப் பாராட்டி அவருக்கே பரிசுக் கோப்பையையும் கொடுத்தார். நாகேஷின் வாழ்க்கை திரும்பியது அந்த மாலையில்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று அவர் செய்து காட்டியது வலி. வலியை உடம்பால் செய்து காட்டினார், சனங்கள் சிரித்தார்கள். பிற்காலத்தில் ‘எதிர்நீச்ச’லிலும் ‘நம்மவ’ரிலும் அதே உடம்பால் வலியைச் செய்து காட்டினார், சனங்கள் அழுதார்கள். அவரிடம் இருந்த தொழில் ஒன்றேதான்.

கவிஞர் வாலியும் அவரும் ஒரே அறையில் இருந்தார்களாமே?

ஆம். தி.நகரில் கிளப் ஹவுஸ் என்று பேச்சிலர்கள் தங்கும் இடம் ஒன்று இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாட்டெழுத வந்த வாலி, ரயில்வேயில் இருந்த நாகேஷ், பின்னாளில் நடிகரான ஸ்ரீகாந்த் ஆகியோர் அங்கே ஒன்றாக இருந்தவர்கள். வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்த வாலிக்கு வருமானம் கிடையாது. நாகேஷ் தன் கையில் இருந்ததைப் பகிர்ந்து அவருக்குச் சாப்பாடு போட்டதை வாலி கடைசிவரை நன்றியோடு மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் அழகு. ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் ஆடிய ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ வாலி எழுதியது. ‘எதிர்நீச்சல்’ பாட்டுகளும் வாலி எழுதியவை. ‘வெற்றி வேண்டுமா, போட்டுப் பாரடா எதிர்நீச்சல்’ என்று சீர்காழி கோவிந்தராஜன் குரலெடுத்துப் பாடும்போது, அந்த அறையில் அரைவயிற்றோடு படுத்திருந்த இருவரையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

முதல் படம் எது? எந்தப் படத்தில் பெயர் கிடைத்தது?

முக்தா சீனிவாசன் இயக்கிய ‘தாமரைக்குளம்’ (1959) அவருடைய ஆரம்பகாலப் படங்களில் முக்கியமானது. ஆனால் ஊருக்கெல்லாம் தெரிய வைத்தது ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962). படம் முழுக்க மருத்துவமனைக்குள் நடக்கும், கனமான கதை. அதில் வார்டு பாயாக வந்து, பார்ப்பவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார் நாகேஷ். இரண்டு வருடம் கழித்து அதே ஸ்ரீதர் அவருக்கு செல்லப்பாவைக் கொடுத்தார்.

‘காதலிக்க நேரமில்லை’ பேய்க்கதைக் காட்சியில் அப்படி என்னதான் இருக்கிறது?

1964-இல் வந்த படம். பணக்காரர் விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று படக் கம்பெனிக்குப் பெயர் வைத்துவிட்டு, படம் எடுக்கப் பணம் இல்லாமல் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வரும் பிள்ளை. அப்பா கதையைச் சொல்லு என்கிறார். மகன் சொல்கிறான். காட்சி அவ்வளவுதான்.

ஆனால் அவன் சொல்லும் கதையில் கதையே இல்லை என்பதைக் கவனியுங்கள். இருட்டு, காடு, காற்று, கதவு, காலடி. வார்த்தை குறையக் குறைய சத்தம் கூடுகிறது. பின்னணி இசை, கதவின் கிறீச்சு, நரியின் ஊளை எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. கை ஒரு பக்கம் கேமரா ஆகிறது, கண் ஒரு பக்கம் பேய் ஆகிறது. குரலை ஒரு நொடி தாழ்த்திவிட்டு, அடுத்த நொடி அப்பாவின் முகத்துக்கு நேரே போய் வெடிக்கிறார்.

இன்னொரு பாதி பாலையாவுடையது. அவர் பேசுவது மிகக் குறைவு. முதலில் சலிப்பு, பிறகு ஆர்வம், பிறகு கண்ணில் ஒரு கலக்கம், பிறகு அப்பட்டமான பயம். நாம் நாகேஷைப் பார்த்து எவ்வளவு சிரிக்கிறோமோ அதே அளவு பாலையாவைப் பார்த்தும் சிரிக்கிறோம். நகைச்சுவையில் கேட்பவருக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழ் சினிமாவில் நான் பார்த்ததில்லை. எதிரே இருப்பவருக்கு இடம் விட்டு நடிப்பது நாகேஷின் பழக்கம். நாடக மேடை கற்றுக்கொடுத்த பழக்கம் அது. படத்தின் எழுத்தில் ஸ்ரீதருக்குத் துணை நின்ற சித்ராலயா கோபுவுக்கும் இந்தச் சிரிப்பில் பெரிய பங்கு உண்டு.

‘சர்வர் சுந்தர’த்தில் கதாநாயகன் நாகேஷா, முத்துராமனா?

நாகேஷ்தான். அதில் சந்தேகமே வேண்டாம். கே. பாலசந்தர் எழுதிய நாடகம், ஏ.வி.எம். படமாக எடுத்தது, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். 1964. ஓட்டலில் சர்வராக இருக்கும் சுந்தரம், பணக்கார வீட்டுப் பெண் ராதாவை (கே.ஆர். விஜயா) மனதுக்குள் விரும்புகிறான். நண்பன் ராகவன் (முத்துராமன்) உதவியால் சினிமா நடிகனாகிப் புகழடைகிறான். பணமும் பேரும் வந்த பிறகு ராதாவிடம் போய்ச் சேரலாம் என்றால், அவள் விரும்புவது ராகவனை.

கைகளில் அடுக்கடுக்காகப் பாத்திரங்களை ஏந்திக்கொண்டு மேசைகளுக்கு நடுவே அவர் வளைந்து நெளிந்து போவதை எல்லோரும் ரசித்திருப்பார்கள். சர்வர் வேலை பார்த்தவர்கள் அதை இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். தோளும் இடுப்பும் எங்கே நிற்கின்றன, கண் எதைப் பார்க்கிறது என்பதில் எல்லாம் தொழில் தெரியும். வேலையைச் சரியாகச் செய்கிற ஒருவனுடைய பெருமை அந்த நடையில் இருக்கிறது. அதனால்தான் பிற்பாதியில் அவன் மனசு உடையும்போது நமக்கு வலிக்கிறது.

‘அவளுக்கென்ன’ பாட்டு எம்.எஸ். விஸ்வநாதன் ஒலிப்பதிவு நடத்துவதைக் காட்டித் தொடங்கும், டி.எம். சௌந்தரராஜனும் திரையில் வருவார். பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதையே அன்றைய ரசிகர்கள் கண்ணால் பார்த்தது அதில்தான் என்று சொல்லிப் பரவசப்படும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தருமி வேடம் எவ்வளவு நேரம் வருகிறது? ஏன் இவ்வளவு புகழ்?

‘திருவிளையாடல்’ 1965-இல் வந்தது, ஏ.பி. நாகராஜன் இயக்கம். பல கதைகள் கோத்த படத்தில் தருமிக்குக் கிடைத்தது ஒரு பகுதி மட்டுமே. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்த்து வைக்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. ஏழைப் புலவன் தருமிக்கு இறைவனே வந்து பாட்டு எழுதிக் கொடுக்கிறார். ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு இறையனார் பெயரில் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருக்கிறது. கதையைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணத்தில் படிக்கலாம்.

புராணத்தில் தருமி ஒரு எளிய பக்தன். நாகேஷ் அவனுக்குப் பசியைக் கொடுத்தார். கோயிலில் தனியாக நின்று, ‘சொக்கா, ஆயிரம் பொன்னாச்சே’ என்று புலம்பும்போது, அந்தக் காசு வந்தால் எந்தெந்தக் கடனை அடைக்கலாம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்ட மனிதன் அவன் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தனக்குத்தானே பேசுகிறான், தானே பதில் சொல்கிறான், தானே மறுக்கிறான். தோள் துண்டு ஒரு இடத்தில் நிற்பதில்லை. கை வயிற்றுக்கும் நெற்றிக்கும் போய்ப் போய் வருகிறது.

புலவராக வந்து நிற்கும் சிவாஜியிடம் அவன் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சேர்ந்தே இருப்பது?’ என்றால் ‘வறுமையும் புலமையும்’ என்று பதில் வருகிறது. கேட்டவன் முகம் அந்தக் கணத்தில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பதில் தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியும்.

அரசவையில் நக்கீரர் குற்றம் சொன்னதும் அவன் செய்யும் பேரம் இன்னும் பெரிது. எவ்வளவு பிழை இருக்கிறதோ அதற்கேற்றபடி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறான். தமிழின் மானம், புலமையின் நேர்மை என்று மற்றவர்கள் பெரிய பெரிய விஷயங்களுக்கு மோதிக்கொண்டிருக்க, நடுவில் நிற்கும் ஏழை தனக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கிறான். அரங்கம் சிரிக்கும். எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

காட்சிகள் மிகக் குறைந்த நாட்களில் எடுத்து முடிக்கப்பட்டன என்றும், அதைப் போட்டுப் பார்த்த சிவாஜி ஒரு அடிகூட வெட்ட வேண்டாம் என்று சொன்னார் என்றும் திரையுலகில் சொல்லி வருகிறார்கள். சிவாஜிக்கு எதிரே நின்று காட்சியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். அதை மனமுவந்து விட்டுக்கொடுத்தது சிவாஜியின் பெருந்தன்மை.

பாலசந்தருக்கும் அவருக்கும் இருந்த உறவு என்ன?

இருவரும் அலுவலக நாடகத்திலிருந்து வந்தவர்கள். பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகம் (அரசுக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம்), நாகேஷ் ரயில்வே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் நாடகங்களில் நாகேஷ் நடித்தார். பிறகு பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய ‘நீர்க்குமிழி’யில் (1965) நாகேஷ்தான் கதாநாயகன். மருத்துவமனையில் எல்லோரையும் கலாட்டா செய்து சிரிக்க வைத்துக்கொண்டே சாவை நோக்கிப் போகும் சேது. புது இயக்குநர், நகைச்சுவை நடிகர் நாயகன், முடிவில் மரணம். அந்தக் காலத்தில் இதைத் துணிந்து எடுத்ததே பெரிய காரியம்.

‘மேஜர் சந்திரகாந்த்’தில் (1966) தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு, கண் தெரியாத மேஜரின் வீட்டில் தஞ்சம் புகும் அண்ணன். ‘பாமா விஜய’த்தில் (1967) நடிகை பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததும் தலைகால் புரியாமல் செலவு செய்யும் மூன்று சகோதரர்களில் ஒருவர், ‘வரவு எட்டணா செலவு பத்தணா’ பாட்டு அதில்தான். ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) இரட்டை வேடம்.

உச்சம் ‘எதிர்நீச்சல்’ (1968). பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக் குடியிருக்கும் அநாதைப் பையன் மாது. ஒவ்வொரு வீட்டுக்கும் எடுபிடி வேலை. ஒவ்வொரு வீட்டிலும் மிச்சமானதுதான் அவனுக்குச் சாப்பாடு. எந்தக் கதவிலிருந்தும் எந்த நேரமும் ‘மாது’ என்று ஒரு குரல் வரும், அவன் ஓடுவான். ஓடிக்கொண்டே படிப்பான். அந்த ஓட்டத்தில் நாகேஷ் கூன் போட்டோ முகம் சுளித்தோ எதையும் செய்வதில்லை. கூப்பிட்டால் திரும்பும் கழுத்து, யார் கூப்பிடுகிறார்கள் என்பதற்கேற்ப மாறும் சிரிப்பு, இரண்டே போதும். ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்கள் இந்தப் படத்தைத் தங்கள் வீட்டுக் கதையாகப் பார்த்தார்கள்.

கோமாளியை அழ வைத்தார் பாலசந்தர் என்று பாராட்டுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாகேஷ் செய்த கோமாளிக்குள் அழுகை எப்போதும் இருந்தது. பாலசந்தர் அதைக் கண்டுகொண்டார், படத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி வில்லனா, காமெடியனா?

இரண்டும். சவடால் வைத்தி பெரிய மனிதர்களுக்குக் கலைஞர்களைப் பிடித்துக் கொடுக்கும் தரகன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையில் வரும் பாத்திரம். 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது நாகேஷிடம் கொடுத்தார். பேச்சில் தேன், கண்ணில் கணக்கு. அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசும்போது யாரோ ஒருவருடைய வாழ்க்கை விலைக்குப் போகிறது. அந்த ஆண்டிலேயே மாதுவையும் வைத்தியையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரோடும் நடித்தாரா?

நடித்தார். அன்றைக்கு இரண்டு முகாமுக்கும் பொதுவான முகங்களில் ஒன்று அவருடையது. எம்.ஜி.ஆரோடு ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘அன்பே வா’, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ உட்படப் பல. ‘அன்பே வா’வில் முதலாளி இல்லாத நேரத்தில் பங்களாவை வாடகைக்கு விட்டுவிட்டு, திரும்பி வரும் முதலாளியிடமே மாட்டிக்கொள்ளும் வேலையாள். ஜெய்சங்கரோடு ‘பட்டணத்தில் பூதம்’ தனி ரகம். விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம்.

அவருடைய நடனம் பற்றிச் சொல்லுங்கள்.

முறையாகக் கற்ற நடனம் என்று சொல்ல முடியாது, ஆனால் தாளம் தப்பாது. முழங்கால் ஒரு திசை, தோள் ஒரு திசை, முகம் மட்டும் அப்பாவியாக நம்மைப் பார்க்கும். ‘அனுபவி ராஜா அனுபவி’யில் மனோரமாவோடு ஆடும் ‘முத்துக்குளிக்க வாரீகளா’, பட்டணத்தைப் பார்த்து மிரண்டு ஆடும் ‘மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் அவர் நடந்துபோவதே ஆட்டம்தான். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸோடு அவரை ஒப்பிடுவார்கள். உடம்பை வளைக்கும் விதத்தில் ஒற்றுமை உண்டு.

மனோரமாவோடு எத்தனை படங்கள்?

எண்ணிச் சொல்வதைவிட இப்படிச் சொல்லலாம்: அறுபதுகளில் நகைச்சுவை ஜோடி என்றால் இவர்கள்தான். நாகேஷின் வேகத்துக்கு மூச்சு வாங்காமல் ஈடுகொடுத்த நடிகை அவர். சில இடங்களில் அவரே முந்திவிடுவார்.

அவர் வேடங்களை இந்தியில் யார் செய்தார்கள்?

மெஹ்மூத். இது பலருக்குத் தெரியாத செய்தி. ‘காதலிக்க நேரமில்லை’ இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ (1966) ஆனது. செல்லப்பா வேடம் மெஹ்மூதுக்கு. ‘சர்வர் சுந்தரம்’ ‘மைன் சுந்தர் ஹூன்’ ஆனது, ‘எதிர்நீச்சல்’ ‘லாக்கோன் மேன் ஏக்’ ஆனது, இரண்டும் 1971. ‘அனுபவி ராஜா அனுபவி’ ‘தோ பூல்’ ஆனது. நான்கிலும் மெஹ்மூத்தான். அவரும் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் நாகேஷ் தமிழில் நின்ற இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

எழுபதுகளுக்குப் பிறகு ஏன் குறைந்துபோனார்?

சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதிய அலை வந்தது. அவர்களுக்கு என்று எழுதும் ஆட்களும் வந்தார்கள். நாகேஷ் நடித்துக்கொண்டுதான் இருந்தார்; ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் குடிக்கு அடிமையான டாக்டராக வந்தது நினைவில் நிற்கும். ஆனால் அறுபதுகளில் இருந்த அந்தப் பரபரப்பு இல்லை. 1985-இல் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்ற படத்தை இயக்கினார். நாயகன் அவர் மகன் ஆனந்த்பாபு. தி.நகரில் அவர் பெயரிலேயே ஒரு திரையரங்கமும் இருந்தது.

குடும்பம்?

மனைவி ரெஜினா கிறிஸ்தவர், காதல் திருமணம். மூன்று மகன்கள். ஆனந்த்பாபுவை ‘பாடும் வானம்பாடி’ நடனத்துக்காக எண்பதுகளின் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். கால்களைப் பார்த்தால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

கமல் படங்களில் அவர் செய்த வேடங்கள் எவை?

1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. நாகேஷைக் கொடூரமான வில்லன் தர்மராஜாகப் போட்டார்கள். இருபத்தைந்து வருடம் சிரிக்க வைத்த முகத்தைப் பார்த்து முதல்முறையாகப் பயந்தது தமிழ்நாடு. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) அவினாசி அதற்கு நேர்மாறு: முதலாளியின் காசைக் கையாடிவிட்டு, நான்கு வேடங்களில் வரும் கமலில் எந்தக் கமலிடம் என்ன சொன்னோம் என்று தெரியாமல் திண்டாடும் ஆள். பிறகு ‘பஞ்சதந்திரம்’, ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ என்று தொடர்ந்தது. 2008-இல் வந்த ‘தசாவதாரம்’தான் கடைசி.

‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தது நிஜமாகவே அவர்தானா?

அவரேதான். 1994, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். தங்கள் முதலாளி இறந்துவிட்டார் என்று நினைத்து மூன்று பெண்கள் (ரேவதி, ஊர்வசி, ரோகிணி) ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாருடைய உடலையோ கடத்திக்கொண்டு போகிறார்கள். அந்த உடல் நாகேஷ். ஒரு வரி வசனம் கிடையாது. கண் சிமிட்ட முடியாது. தூக்குகிறார்கள், சாய்க்கிறார்கள், உட்கார வைக்கிறார்கள். எப்படி விட்டாலும் உடம்பு அப்படியே சரிகிறது.

பிணத்துக்கு விறைப்பும் வேண்டும், தொய்வும் வேண்டும், காட்சிக்குச் சிரிப்பும் வேண்டும். எந்த நொடியில் தலை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்கிறார். வாய், கண், வேகம் என்று அவரிடம் இருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொண்ட பிறகும் காட்சி அவருடையதாகவே இருக்கிறது. நடிப்புப் பள்ளிகளில் போட்டுக் காட்ட வேண்டிய காட்சி என்று அடித்துச் சொல்வேன்.

விருதுகள் என்னென்ன?

தமிழக அரசின் கலைமாமணி. ‘நம்மவர்’ (1994) படத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய அந்தப் படத்தில் கல்லூரிப் பேராசிரியர் பிரபாகர் ராவ். முதலில் கலகலப்பான மனிதர். மகளைப் பறிகொடுத்ததும் நொறுங்கிப்போகிறார். அறுபது வயதைத் தொட்டவர் அந்தத் துக்கத்தை எதையும் மிகைப்படுத்தாமல் செய்தார்.

பத்ம விருது எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. இது தமிழ் ரசிகர்களுக்கு ஆறாத குறை. எத்தனையோ பேருக்கு எதற்கெதற்கோ கொடுத்தார்கள். தருமிக்கும் மாதுவுக்கும் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

எப்போது மறைந்தார்?

2009 ஜனவரி 31, சென்னையில். வயது 75.

ஒரு படமும் பார்த்திராதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் ‘காதலிக்க நேரமில்லை’. குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள்; வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பேய்க்கதைக் காட்சி வரும் முன்பே அவர்களே அறிவித்துவிடுவார்கள். அடுத்து ‘திருவிளையாடல்’, தருமி பகுதியை மட்டும் வெட்டிப் பார்க்காமல் முழுப் படமாகப் பாருங்கள், பெரிய பெரிய தெய்வக் காட்சிகளுக்கு நடுவே அந்த ஏழை எவ்வளவு சின்னவனாக வந்து நிற்கிறான் என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவது ‘எதிர்நீச்சல்’, அதைத் தனியாகப் பார்ப்பது நல்லது. பிறகு கால் நூற்றாண்டு தாண்டி ‘மகளிர் மட்டும்’. இந்த நான்கையும் இந்த வரிசையிலேயே பார்த்தால், ‘நம்மவர்’ பிரபாகர் ராவிடம் வந்து சேரும்போது உங்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கும். பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு நல்ல பிரதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மங்கிய பிரதியில் அவர் கண்கள் தெரியாது, பாதி நடிப்பு அங்கேதான் இருக்கிறது.